அன்னத்தின் இறுதிப் பாட்டு: ஒரு மரபுத்தொடரின் பிறப்பும் பொருளும்

1. தோற்றுவாய்

ஐரோப்பிய மொழிகள் பலவற்றுள் பொதுவாக வழங்கும் மரபுத்தொடர் ஒன்று உண்டு. கலைஞன் ஒருவன் இறுதியாக அரங்கேறிய நிகழ்ச்சியையும், புலவன் ஒருவன் இறுதியாக இயற்றிய நூலையும், நாவலன் ஒருவன் இறுதியாக ஆற்றிய உரையையும் அம்மொழியினர் 'அன்னத்தின் பாட்டு' எனக் கூறுவர். ஆங்கிலத்தார் 'சுவான் சாங்' என்பர். செருமானியர் 'சுவானென்கெசாங்' என்பர். விளையாட்டு வீரன் ஓய்வு பெறுமுன் ஆடும் கடைசி ஆட்டத்திற்கும் இன்று செய்தித்தாள்கள் இத்தொடரையே ஆள்கின்றன. சாவுக்குமுன் பாடும் பறவை பற்றிய பழங்கதை ஒன்று இவ்வாறு ஆடுகளம் வரை வந்துவிட்டது.

அகராதிகள் இத்தொடருக்கு 'இறுதி நிகழ்ச்சி', 'இறுதிப் படைப்பு' என்று பொருள் எழுதி அமையும். அப்பொருள் பிழையன்று, ஆயினும் நிறைவுடையதன்று. இறுதி என்பதை அறிந்தவர் யார் என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. பாடியவன் தன் முடிவை உணர்ந்து பாடினானா? அன்றி, அவன் மறைந்தபின் கேட்டவர் எண்ணிப் பார்த்து, 'இதுவே கடைசி' என்று கூறினரா? இவ்விரண்டும் வேறு வேறு. இவ்வேறுபாட்டை மறந்தமையால் இலக்கியத் திறனாய்வில் சில பிழைகள் நேர்ந்துள்ளன என்பது நம் கருத்து. ஆதலின் இத்தொடரின் பிறப்பை முதற்கண் ஆராய்ந்து, அதன் பொருள் எங்ஙனம் திரிந்தது எனக் கண்டு, பின்னர்த் திறனாய்வாளர்க்கு அதனால் விளையும் இடர்ப்பாட்டைக் கூறுவோம்.

2. கிரேக்க நூல்களில்

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று ஈசுக்கிலசு இயற்றிய 'அகமெம்னான்' என்னும் துன்பியல் நாடகத்தில் உள்ளது. அந்நாடகம் கி.மு. 458-இல் ஏதென்சு நகரில் அரங்கேறியது. திராய்ப் போரில் வென்று மீண்ட அகமெம்னானையும், அவன் சிறைகொண்டு வந்த கசாந்திரா என்னும் அரசகுமாரியையும் அவன் மனைவி கிளைத்தம்னெத்திரா கொல்கின்றாள். கொன்றபின் வெளியே வந்து நின்று, 'இவள் அன்னம்போலத் தன் கடைசிப் புலம்பலைப் பாடிவிட்டுக் கிடக்கின்றாள்' என்னும் கருத்துப்படப் பேசுகின்றாள். கேட்போர்க்கு விளக்கம் எதுவும் தாராமலே இவ்வுவமை கூறப்படுகின்றது. ஆகவே அன்னம் சாங்காலத்துப் பாடும் என்னும் நம்பிக்கை அந்நாளிலேயே மக்கள் அறிந்ததாக இருந்திருத்தல் வேண்டும்.

இவ்விடம் கூர்ந்து நோக்கத்தக்கது. கசாந்திரா அப்பாலோ தெய்வத்தின் அருளால் வருவது உணரும் ஆற்றல் பெற்றவள். அத்தெய்வத்தின் சினத்தால் தன் சொல்லை எவரும் நம்பாத சாபமும் பெற்றவள். அரண்மனை வாயிலில் நின்று தன் சாவைத் தானே முன்னறிந்து பாடிய பின்னரே உள்ளே செல்கின்றாள். அன்னமோ அப்பாலோவிற்கு உரிய பறவை என்பது கிரேக்கர் கொள்கை. எனவே இவ்வுவமை ஓசையினிமை ஒன்றே பற்றியதன்று. முன்னுணர்வும் அதன்கண் அடங்கியுள்ளது. ஆனால் அவ்வுவமையைக் கூறுபவள் கொலைசெய்தவள்; கூறும் காலம் கொலைக்குப் பின். பாடியவள் வாயிலிருந்து அச்சொல் வரவில்லை என்பதனை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இம்மரபிற்கு மெய்ப்பொருள் விளக்கம் தந்தவர் பிளேட்டோ. அவருடைய 'பீடோ' என்னும் உரையாடல், கி.மு. 399-இல் நஞ்சுண்டு இறக்கவிருந்த சாக்கிரட்டீசு சிறையில் நண்பரோடு அளவளாவிய கடைசி நாளைக் கூறுவது. சிம்மியாசு, கீபீசு என்னும் இருவர் உயிரின் அழியாமை பற்றித் தமக்குள்ள ஐயத்தைக் கேட்கத் தயங்குகின்றனர். சாகப்போகும் ஒருவரை வருத்துதல் ஆகாது என்பது அவர்தம் எண்ணம். அதனைக் கண்டு சாக்கிரட்டீசு மெல்ல நகைத்து, 'முன்னுணரும் ஆற்றலில் என்னை அன்னங்களினும் தாழ்ந்தவன் என்று கருதுகின்றீர் போலும்' என்னும் கருத்தில் பேசத் தொடங்குகின்றார். அவர் கூறுவது இது: அன்னங்கள் முன்பும் பாடுவனவே, எனினும் தம் முடிவு நெருங்கியதை உணர்ந்தவுடன், முன்னையினும் மிகுதியாகவும் இனிமையாகவும் பாடுகின்றன. தம் தலைவனாகிய தெய்வத்தினிடம் செல்லப்போகின்றோம் என்னும் மகிழ்ச்சியே அதற்குக் காரணம். மாந்தரோ தாம் சாவுக்கு அஞ்சுவதால், அன்னங்களும் துயரத்தாற் பாடுகின்றன என்று பொய் கூறுகின்றனர். பசியாலோ குளிராலோ நோவாலோ வருந்தும்போது எப்பறவையும் பாடுவதில்லை.

ஈசுக்கிலசு புலம்பல் என்றதனைப் பிளேட்டோ மகிழ்ச்சி என்று மாற்றிவிட்டார். ஆயினும் இருவர்க்கும் பொதுவானது ஒன்று உண்டு. பாடும் உயிர் தன் முடிவை அறியும் என்பதே அது. பாட்டின் சிறப்பு, அது கடைசியாக வந்தமையால் உண்டாயதன்று. முடிவை அறிந்த உள்ளத்திலிருந்து வந்தமையால் உண்டாயது.

இதற்குமேல் ஒரு நுட்பமும் ஈண்டு உண்டு. அக்கடைசி நாளில் பிளேட்டோ சிறைக்குச் செல்லவில்லை. அவர் நோயுற்றிருந்தார் என்று அவ்வுரையாடலே குறிக்கின்றது. ஆகவே சாக்கிரட்டீசின் அன்னப் பேச்சினை நாம், உடனிராத மாணவர் ஒருவர் ஆசிரியர் மறைந்தபின் எழுதிய நூலின் வாயிலாகவே அறிகின்றோம். பாடியவனின் முன்னுணர்வு நம்மை வந்தடைவது பிறர் எழுத்தின் வழியாகத்தான்.

அரிசுட்டாட்டில் பெயரால் வழங்கும் 'விலங்குகளின் வரலாறு' என்னும் நூலின் ஒன்பதாம் பகுதியிலும் இச்செய்தி வருகின்றது. அன்னங்கள் சாவு நெருங்குங்கால் மிகுதியும் பாடும் என்றும், ஆப்பிரிக்கக் கரையோரம் கலத்திற் சென்றோர் கடலில் அவை துயரக் குரலிற் பாடக் கேட்டனர் என்றும், அவற்றுட் சில இறக்கக் கண்டனர் என்றும் அந்நூல் கூறும். ஈசாப்பின் பெயரால் வழங்கும் கதையொன்றோ வேறுவகையானது. ஒருவன் உணவுக்கென ஒரு வாத்தினையும் குரலுக்கென ஓர் அன்னத்தினையும் வளர்க்கின்றான். வாத்தினைக் கொல்ல இரவில் வந்தவன் இருளில் அன்னத்தைப் பிடித்துவிடுகின்றான். சாவு வந்தது என்று எண்ணி அன்னம் பாட, அக்குரலால் அதனை இன்னதென அறிந்து விட்டுவிடுகின்றான். இக்கதையில் இறுதிப் பாட்டே இறுதியைத் தடுத்துவிட்டது. முன்னுணர்ந்து பாடிய பாட்டெல்லாம் கடைசிப் பாட்டாக முடிதல் வேண்டும் என்னும் நியதி இல்லை என்பதற்கு இப்பழங்கதையே போதிய சான்று.

3. இயற்கையும் கதையும்

அன்னம் உண்மையில் சாங்காலத்துப் பாடுமா என்னும் வினா பண்டே எழுந்துவிட்டது. கி.பி. 79-இல் இறந்த உரோமானிய அறிஞர் மூத்த பிளினி, தம் 'இயற்கை வரலாறு' என்னும் நூலில், சில நேர்காட்சிகளைக் கொண்டு இது பொய் என்று தாம் கருதுவதாக எழுதினார். ஆங்கில அறிஞர் தாமசு பிரௌன் 1646-இல் வெளியிட்ட, மக்களிடைப் பரவிய பொய்ம்மைகளை ஆராயும் நூலில் இதற்கென ஒரு பகுதியே ஒதுக்கினார்.

ஐரோப்பிய அன்னங்களுள் இருவகை பற்றி ஈண்டுச் சுருங்கக் கூறினாற் போதும். பூங்காக் குளங்களிற் பெரிதும் காணப்படுவது ஊமையன்னம் என்று பெயர் பெற்றது. முழு ஊமையன்று எனினும், அதன் குரல் பாட்டு எனத் தகாது. வடபுலத்துக் கூவும் அன்னமோ எக்காளம்போல் ஒலிக்கும் குரலுடையது. அதன் மூச்சுக்குழல் மார்பெலும்பினுள்ளே வளைந்து மடிந்து நீள்கின்றது. இறக்கும்போது நுரையீரலிலிருந்து வெளிப்படும் காற்று, அவ்வளைந்த குழல்வழிச் செல்லுங்கால் இன்னோசை எழுதல் கூடும் என்று கருதும் அறிஞர் உளர். ஆர்னாட் என்னும் கிரேக்க மொழிப் பேராசிரியர் 1977-இல் எழுதிய கட்டுரையில் இக்கருத்தினைப் பழைய நூற்சான்றுகளோடு பொருத்திக் காட்டினார். இது மெய்யாயினும் அவ்வோசை மூச்சின் செயலேயன்றி உணர்வின் செயலன்று. பறவை நூல் காட்டும் ஓசை உண்டு. பிளேட்டோ கூறும் அறிவு அவ்வோசையில் இல்லை. மரபுத்தொடரின் உயிர் அவ்வறிவிலேயே உள்ளது. ஆதலின் பறவையை விடுத்துச் சொல்லின் வழியே மேற்செல்வோம்.

4. சிசரோவின் ஆட்சி

கி.மு. இரண்டாம் நூற்றாண்டினராகிய பொலிபியசின் வரலாற்று நூலிலேயே இத்தொடர் பழமொழியளவில் ஆளப்பட்டுள்ளது. ஆயினும் இன்றைய பொருளுக்கு அடிகோலிய ஆட்சியைத் தெளிவாகக் காட்டும் இடம் உரோமானிய நாவலர் சிசரோவின் 'நாவலன்' என்னும் நூலில் உள்ளதென்று நாம் கருதுகின்றோம். கி.மு. 55-இல் எழுதப்பட்ட அந்நூலின் மூன்றாம் பகுதித் தொடக்கத்தில் லூசியசு கிராசு என்னும் பெருநாவலரின் முடிவு கூறப்படுகின்றது.

கி.மு. 91-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆட்சித்தலைவனாகிய பிலிப்புசு ஆட்சி மன்றத்தை இழித்துரைத்தமை கண்டு கிராசு மன்றத்தில் எழுந்து பேசினார். முன்னெப்போதும் கேட்டறியாத வகையில் அப்பேச்சு அமைந்தது என்று சான்றோர் கூறினர். பேசும்போதே அவர்க்கு விலாவில் நோவு தோன்றி வியர்வை பெருகியது; காய்ச்சலோடு வீடு திரும்பியவர் ஏழாம் நாள் இறந்தார். அவ்வுரையையே சிசரோ அன்னத்தின் குரல் போன்றது என்றார். அதனோடு அமையாமல், கிராசு இறந்தபின் அக்குரலை எதிர்பார்த்தவர்போலத் தாம் மன்றத்திற்குச் சென்று, அவர் கடைசியாக நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் எழுதினார். அப்போது சிசரோவின் அகவை பதினைந்து.

இவ்விடத்திற்கும் பிளேட்டோவின் இடத்திற்கும் உள்ள வேறுபாடு பெரிது. சாக்கிரட்டீசு அன்று மாலை தாம் இறப்பது உறுதி என்றறிந்தவர். கிராசு எழுந்து பேசத் தொடங்கியபோது தம் சாவை எதிர்நோக்கினார் என்று சிசரோ கூறவில்லை. அவர் பேசியது அரசியல். எதிர்த்தது பிலிப்புசின் சொல்லை. அவ்வுரையை அன்னத்தின் குரலாக்கியது, ஏழு நாட் கழித்து வந்த சாவும், வெற்றிடத்தை நோக்கி நின்ற இளைஞரின் நினைவுமே. பாடும் உயிரின் அறிவாக இருந்த முடிவு, கேட்டவர் அறிவாக இங்கு மாறிவிட்டது. சொல் ஒன்றே; அதன் உரிமை கைம்மாறியது.

எனவே இத்தொடரின் பொருளை இருவகையாகப் பகுத்துக்கொள்ளுதல் தக்கது. பாடியவன் தன் முடிவை அறிந்து பாடியதனை 'இறுதியுணர்ந்த பாட்டு' என்போம். பின்னர் நேர்ந்த முடிவால், கேட்டவர்க்குக் கடைசியாக நின்றதனை 'இறுதியாய் அமைந்த பாட்டு' என்போம். முன்னது படைப்பின் அகத்தே காணப்படுவது. பின்னது படைப்பின் புறத்தே நிகழ்ந்த செய்தியால் வருவது.

5. பிற்கால வழக்கு

உரோமானியர் வழியாக இம்மரபு ஐரோப்பிய இலக்கியமெங்கும் பரவிற்று. காதலனாற் கைவிடப்பட்ட டைடோ அரசி எழுதுவதாக ஓவிது அமைத்த திருமுகம், ஆற்றங்கரையில் இறக்கும் அன்னத்தின் பாட்டோடு தொடங்குகின்றது. ஆங்கிலத்தில் சாசர் தம் 'பறவைகளின் மன்றம்' என்னும் செய்யுளில், தன் சாவை எதிர்நோக்கிப் பாடும் பறவையாக அன்னத்தைக் குறித்தார். சேக்சுபியர் பலவிடத்தும் இதனை ஆள்கின்றார். 'ஒதெல்லோ' நாடகத்தில் குத்துண்டு வீழ்ந்த எமிலியா, தான் அன்னம்போல் இசையோடு இறப்பதாகக் கூறுகின்றாள். 'வெனிசு வணிகன்' நாடகத்தில், பேழையைத் தேர்ந்தெடுக்க வந்த காதலன் தோற்பானாயின் அன்னம்போல் இசையில் மறைக என்று கூறிப் போர்சியா இசை எழுப்பச் செய்கின்றாள். 1612-இல் வெளியான ஆர்லாண்டோ கிப்பன்சின் 'வெள்ளியன்னம்' என்னும் இசைப்பாட்டு, வாழ்நாளெல்லாம் வாய்திறவாது இறுதியில் மட்டும் பாடும் பறவையைப் பொருளாகக் கொண்டது.

இவையெல்லாம் உவமைகள். உவமேயமும் உவமானமும் ஒருங்கே நிற்கும்வரை, பறவையின் முன்னுணர்வு கேட்போர் நெஞ்சிலிருந்து நீங்குவதில்லை. 'சுவான் சாங்' என்னும் தொகைச்சொல்லாக உவமை இறுகியபின் நிலைமை வேறாயிற்று. செருமானியத் தொகைச்சொல்லின் வழியில் ஆங்கிலத்தில் அமைந்த இச்சொல்லைச் செருமானிய இலக்கியத்திற் பயின்ற கார்லைல், 1833-34-இல் வெளிவந்த தம் 'சார்ட்டர் ரிசார்ட்டசு' நூலில் ஆண்டுள்ளார். 'அன்னம்போலப் பாடினான்' என்னும்போது பறவை நினைவுக்கு வரும். 'இஃது அவனுடைய சுவான் சாங்' என்னும்போது கடைசி என்னும் எண்ணமே வரும். உவமை தொகையாகிய அளவில் முன்னுணர்வு மறைந்தது, இனிமையும் தேய்ந்தது, இறுதி மட்டும் எஞ்சியது. கால்பந்து வீரனின் கடைசி ஆட்டத்திற்கு இத்தொடர் வழங்குவது இத்தேய்வின் முடிவு.

6. திறனாய்வில் நேரும் பிழை

சொற்பொருள் திரிதல் மொழிக்கு இயல்பு. அதன்மேல் வழக்காடுதல் நம் நோக்கமன்று. தேய்ந்த பொருளில் தொடரை ஆண்டுகொண்டு, பழம்பொருளின் மதிப்பையும் அதற்கு ஏற்றிக் கூறுதலே பிழை. ஒரு நூல் கடைசியாக எழுதப்பட்டது என்னும் செய்தியிலிருந்து, ஆசிரியன் முடிவை உணர்ந்தே அதனை எழுதினான் என்று திறனாய்வாளர் துணிகின்றனர். பின்னர் அத்துணிவினை நூலினுள்ளே தேடிக் கண்டும் விடுகின்றனர். மூன்று சான்றுகள் காண்போம்.

ஆசுத்திரிய இசைப்புலவர் பிரான்சு சூபர்ட்டு 1828-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் தம் முப்பத்தொன்றாம் அகவையில் இறந்தார். அவர் இசையமைத்து வைத்திருந்த பதினான்கு தனிப்பாட்டுகளைத் தொகுத்து, தோபியாசு அசுலிங்கர் என்னும் பதிப்பாளர் 1829-இல் வெளியிட்டார். அத்தொகுதிக்கு 'அன்னத்தின் பாட்டு' என்று பெயரிட்டவர் அப்பதிப்பாளரே, சூபர்ட்டு அல்லர். ஏழு பாட்டுகள் இரெல்சுத்தாபு என்பவர் எழுதியவை. ஆறு ஐனே எழுதியவை. ஒன்று சைடல் எழுதியது. மூவர் எழுதிய பாட்டுகளை ஒரே நோக்குடைய தொடராகச் சூபர்ட்டு கருதினார் என்பதற்குச் சான்றில்லை. தொகுதியின் இறுதியில் நிற்பதும், அவர் கடைசியாக அமைத்த தனிப்பாட்டு என்று பொதுவாகக் கருதப்படுவதும் 'தூதுப்புறா' என்னும் பாட்டாகும். காதலிக்குத் தூது செல்லும் புறாவைப் பற்றியது அது. ஏக்கமும் மென்மையான மகிழ்ச்சியும் கலந்து நடப்பது. சாவின் நிழல் அதன் சொல்லில் இல்லை. பெயரை அறிந்து கேட்பவர்க்கோ ஒவ்வொரு பாட்டிலும் விடைபெறும் குரலே கேட்கின்றது. கடைக்காரர் இட்ட பெயர் கேள்வியையே ஆளத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது சான்று சேக்சுபியரின் 'புயல்' என்னும் நாடகம். 1610-11-இல் எழுதப்பட்ட இந்நாடகத்தில் மந்திரவாதியாகிய பிராசுபரோ தன் மந்திரக்கோலை முறித்து, நூலைக் கடலில் ஆழ்த்துவதாகக் கூறுகின்றான். இஃது ஆசிரியரே நாடக மேடையிடம் விடைபெற்றது என்று கொள்ளும் வழக்கம் பெரிதும் பரவியது. ஆனால் அதன்பின் சேக்சுபியர் சான் பிளெச்சருடன் சேர்ந்து 'எட்டாம் என்றி', 'உயர்குல உறவினர் இருவர்' என்னும் நாடகங்களில் எழுதியுள்ளார் என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. எனவே 'புயல்' இறுதியாய் அமைந்ததுமன்று. பிராசுபரோவின் விடைபெறுகை நாடகக் கதைக்கு வேண்டியது. பகைவரை மன்னித்துத் தன் நாடு திரும்புபவன் மந்திரத்தைத் துறத்தல் முறை. அதனை ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பாகக் கொண்டால், மன்னிப்பு என்னும் நாடகத்தின் நடுப்பொருள் பின்தள்ளப்படுகின்றது. இழப்பு நமக்கே.

மூன்றாவது, உருசிய ஆசிரியர் செகாவ். 1887-இல் தம் சிறுகதை ஒன்றை ஓரங்க நாடகமாக்கி அதற்கு 'அன்னத்தின் பாட்டு' என்று பெயரிட்டார். அறுபத்தெட்டு அகவையுடைய நகைச்சுவை நடிகர் சுவெத்லோவிடோவ், தம் சிறப்பு நிகழ்ச்சி முடிந்து குடிமயக்கத்தில் உறங்கி, நள்ளிரவில் விழித்து, இருண்ட வெற்றரங்கில் கையில் மெழுகுவத்தியோடு நிற்கின்றார். மேடை மறைவில் இருந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் முதியவர் நிகித்தா ஒருவரே உடனிருக்கின்றார். அவர் முன் சுவெத்லோவிடோவ், லியர், ஆம்லெத்து முதலிய வேடங்களின் பேச்சுகளை நடித்துக் காட்டுகின்றார். நகைச்சுவை நடிகரிடம் இருந்த ஆற்றல் அப்போதுதான் வெளிப்படுகின்றது; காண அவையோர் இல்லை. கிராசுக்கு வெற்றிடத்தை நோக்கி நின்ற கேட்போர் இருந்தனர். இந்நடிகர்க்கோ வெற்றிருக்கைகளே உள. தம் முதுமையையும் முடிவின் அணிமையையும் அவர் உணர்ந்துள்ளார். ஆயினும் நாடகம் அவர் சாவோடு முடியவில்லை. இறுதியுணர்ந்த பாட்டிற்கு, இறுதியாய் அமைதல் வேண்டா என்பதனைச் செகாவ் நாடகமாக்கியே காட்டிவிட்டார்.

செகாவின் மெய்யான இறுதி நாடகம் 'செர்ரித் தோட்டம்'. 1904 சனவரியில் அரங்கேறியது. அவ்வாண்டு சூலையில் காசநோயால் அவர் இறந்தார். அந்நாடகத்தை அவர் இன்பியல் என்று குறித்தார். இயக்குநர் சுதானிசுலாவ்சுகி துன்பியல் என்று கொண்டார். நாடகத்தின் முடிவில் மரங்களை வெட்டும் ஓசை கேட்கின்றது. ஆசிரியர் சில திங்களில் இறந்தார் என்று அறிந்தவர்க்கு அவ்வோசையில் நகைப்பு ஏதும் தோன்றாது. ஆசிரியர் இட்ட பெயரினும் அவர் சாவுச் செய்தி வலிமை பெறும் நிலை இது. நூலைக்கொண்டே எது தக்கது என ஆராய்தல் வேண்டும். சாவுச் செய்தியைக்கொண்டு அன்று.

7. தமிழ் மரபோடு ஒப்புநோக்கல்

இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் 'அன்னப் பாட்டு' எனத் தமிழில் பெயர்த்தல் பொருந்துமா? தமிழ் இலக்கியத்தில் அன்னம் நடைக்கும், தூவியின் மென்மைக்கும், பாலையும் நீரையும் பிரிக்கும் திறத்திற்கும், தூதிற்கும் பெயர் பெற்றது. சாங்காலத்துப் பாட்டிற்கு அன்று. புறநானூற்று 67-ஆம் பாட்டில் பிசிராந்தையார் அன்னச் சேவலை விளித்து, உறையூரிற் கோப்பெருஞ்சோழனிடம் தம் பெயரைச் சொல்லுமாறு வேண்டுகின்றார். ஆண்டு அன்னம் சொற்கொண்டு செல்லுமே யன்றிப் பாடாது. எனவே அப்பெயர்ப்பு நம் படிப்போர் உள்ளத்தில் கிரேக்கர் கண்ட பொருளை எழுப்பாது.

இசையையும் உயிரிழப்பையும் இணைக்கும் தமிழ் மரபு அசுணத்தைப் பற்றியது. அகநானூற்று 88-ஆம் பாட்டில் வண்டின் ஒலியை யாழ் என மயங்கி அசுணம் செவிசாய்க்கின்றது. அதனைக் கொல்வோர் யாழால் மயக்கிப் பின்னர்க் கொல்வர் என்பது மரபு. நற்றிணை 304-ஆம் பாட்டு, இன்பமும் துன்பமும் ஒருங்கே தரும் தலைவன் மார்பிற்கு அக்கொலைஞர் கையை உவமையாக்குகின்றது. அன்னக் கதையில் பாடுவது இறக்கின்றது; அசுணக் கதையில் கேட்பது இறக்கின்றது. ஆகவே இதுவும் அத்தொடர்க்கு நேராகாது.

நேராவது பறவையில் இல்லை. புறநானூற்றுக் கொளுக்களில் உள்ளது. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு பொருது சிறைப்பட்டு, குடவாயிற் கோட்டத்தில் தண்ணீர் கேட்டுப் பெறாது, காலந்தாழ்த்துப் பெற்றதனை உண்ணாது, பாடித் துஞ்சினான் என்று 74-ஆம் பாட்டின் கொளு கூறும். 'துஞ்சிய பாட்டு' என்பது அக்கொளு ஆளும் சொல். இத்தொடர் ஐரோப்பியத் தொடரினும் செப்பமானது என்போம். பாட்டு நிகழ்ந்தது, சாவு நிகழ்ந்தது என இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதே அதன் வேலை. பாட்டின் இனிமைக்குச் சாவைக் காரணமாக்குவதில்லை.

இனிப் பாட்டினை நோக்குவோம். இறந்து பிறந்த குழவியையும், உருவமற்ற ஊன்தடியையும்கூட ஆளன்று என விடாது வாளாற் போழும் குடியில் பிறந்தும், நாய்போற் பிணிப்புண்டு, அன்பிலார் தரும் நீரை வயிற்றுத்தீ தணிய இரந்துண்ணும் நிலை வந்ததே என்பது அதன் கருத்து. தன் சாவைப் பற்றி ஒரு சொல்லும் ஆண்டு இல்லை. உள்ளது மானம் ஒன்றே. சாவு கொளுவில் உள்ளது. கொளுவோ தொகுத்தோர் காலத்துச் செய்தி. பொய்கையார் களவழி நாற்பது பாடி அச்சேரனை மீட்டார் என்னும் வேறொரு மரபும் உண்டு. கலிங்கத்துப்பரணி அதனைக் குறிக்கின்றது. கொளுவினைக் கொண்டால் இப்பாட்டு இறுதியாய் அமைந்தது. பரணியைக் கொண்டால் அங்ஙனம் அன்று. ஆயினும் பாட்டின் பெருமை இவ்விரண்டாலும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இதற்கு மாறாகக் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து பாடிய 214, 215, 216-ஆம் பாட்டுகள் உண்மையிலேயே இறுதியுணர்ந்தவை. நல்வினை செய்யத் தயங்குவோரை அவன் இடித்துரைப்பதும், செல்வக் காலத்து வாராவிடினும் துன்பக் காலத்துப் பிசிராந்தை தவறாது வருவான் என்று உறுதி கூறுவதும், அவனுக்கும் ஓர் இடம் ஒழித்து வைக்கச் சொல்வதும், முடிவை மேற்கொண்ட உள்ளத்தின் சொற்கள். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயுமுன் சான்றோரை நோக்கிக் கூறிய 246-ஆம் பாட்டும் இத்தகையதே. கணவனை இழந்த தனக்கு ஈமத்தீயும் தாமரைப் பொய்கையும் ஒன்றே என்று அவளே சொல்கின்றாள். இப்பாட்டுகளில் முன்னுணர்வு கொளுவில் மட்டும் இல்லை. பாட்டின் சொல்லிலேயே உள்ளது. சோழன் பாட்டில் மகிழ்ச்சியுமில்லை, புலம்பலுமில்லை. நண்பனுக்கு இடம் ஒதுக்கும் அமைதியே உள்ளது. ஈசுக்கிலசும் பிளேட்டோவும் கூறிய இருநிலைக்கும் புறம்பான மூன்றாம் நிலை இது.

8. முடிபு

அன்னத்தின் பாட்டு என்னும் தொடர், முடிவை அறிந்த உயிரின் பாட்டினைக் குறித்துக் கிரேக்கரிடைத் தோன்றியது. உரோமானியரிடத்துக் கேட்டோரின் நினைவைக் குறிப்பதாயிற்று. அண்மைக் காலத்தில் தொகைச்சொல்லாகி, கடைசி என்னும் ஒருபொருளே உடையதாய்த் தேய்ந்தது. இம்மூன்று நிலைகளையும் வேறு பிரித்து அறியாமல் தொடரை ஆளுதல், ஆசிரியன் அறியாத ஒன்றை அறிந்தானாகக் கூறும் பிழைக்கு வழியாகும்.

ஆகவே ஒரு படைப்பினை இறுதிப் பாட்டு என்று கூறுமுன் திறனாய்வாளர் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். இறுதி என்பது நூலின் சொல்லில் உளதா, அன்றிக் கொளுவிலும் பதிப்பாளர் இட்ட பெயரிலும் வாழ்க்கை வரலாற்றிலும் மட்டும் உளதா என்பது ஒன்று. அப்புறச்செய்தியை நீக்கிய பின்னும் நூல் தன் பெருமையோடு நிற்குமா என்பது மற்றொன்று. கணைக்கால் இரும்பொறையின் பாட்டு இரண்டாம் வினாவிற்கு நிமிர்ந்து விடை கூறுகின்றது. சூபர்ட்டின் தூதுப்புறாவும் அங்ஙனமே. கடைசி என்பதற்காக மட்டும் போற்றப்படும் நூல்களோ, அவ்வினாவின் முன் நில்லா. இறந்தோரிடத்து நாம் கொள்ளும் அன்பு பெரிது. எனினும் அவ்வன்பினை அவர்தம் பாட்டின் பொருளாக ஏற்றிக் கூறுதல் திறனாய்வு ஆகாது.